ஆளுக்கொரு காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, இந்தச் சாமான் வந்த பிறகுதான் ஆளுக்கு ஆள் பேச்சு அற்றுப்போனது, முன்பெல்லாம் பாட்டு என்றால் ஊரே சேர்ந்து கேட்டது என்று அந்த அன்பர் மனம் நொந்து எழுதியிருந்தார். அவர் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கடிதம் வந்த கிழமைதான் நானும் என் சிநேகிதியும் அதே சாமானைக் காதில் மாட்டிக்கொண்டு மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணம் போய் வந்திருந்தோம். எங்களை அது பிரிக்கவில்லை. இருபது வருடமாகக் கேட்காத ஒரு குரலை எங்களுக்குத் திருப்பித் தந்தது. அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லடியில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது திருநெல்வேலியில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். நான், ஏறாவூர்ச் சிநேகிதி, நாவலடிச் சிநேகிதி, மூன்று பேர். வீட்டுக்காரரின் மகளும் எங்களோடு ஒரே வகுப்பு, அவள் தன் அறையை விட்டுவிட்டு எங்கள் அறையிலேயே பாய் போட்டுப் படுப்பாள், ஆகவே நாலு பேர் என்றுதான் கணக்கு. பெயர்களைப் பத்திரிகையில் போட அவர்களுக்கு விருப்பமில்லை, ஊரைக்கொண்டே சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு கசெற் ரெக்கோடர் இருந்தது. ரேடியோ சேர்ந்தது அல்ல, வெறும் ரெக்கோடர். வீட்டுக்காரரின் ரேடியோ விறாந்தையில் இருக்கும். காலையில் இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல் போகிற நேரம் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டுபோய் ரேடியோவுக்கு முன்னால் ஒரு கதிரையில் வைத்து இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்திவிடுவோம். வயர் கொடுத்துப் பதிவு செய்கிற வசதி இல்லை, காற்று வழியாக வருவதுதான். அதனால் பாட்டோடு சேர்த்துக் காகம், கிணற்றுக் கப்பி, ஒழுங்கையில் போகிற சைக்கிள் மணி, யாராவது தும்மினால் அந்தத் தும்மல், எல்லாமே பதிவாகும். நாவலடிக்காரிக்கு வாய் சும்மா இருக்காது, பாட்டுக்காரரோடு கூடவே பாடிவிடுவாள், "வாயை மூடு புள்ள, பதிவாகுது" என்று ஏறாவூர்க்காரி அடக்குவதும் சேர்ந்தே பதிவாகும். அப்போது எங்களுக்கு அது பெரிய எரிச்சல். சுத்தமான பாட்டு வேண்டுமென்றால் டவுனில் ரெக்கோடிங் பாருக்குப் பாட்டுப் பட்டியலும் வெறும் கசெற்றும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அதற்குக் காசு வேண்டும், மாதத்தில் ஒன்று செய்தால் பெரிய காரியம்.

1981இல் வீட்டுக்காரரின் மூத்த மகன் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது ஒரு வோக்மன் கொண்டுவந்தார், கையில் கொண்டு திரிந்து ஹெட்போனில் கசெற் கேட்கிற சின்னப் பெட்டி. நீலமும் வெள்ளியுமான உலோக உடம்பு, கையில் எடுத்தால் நல்ல கனம். எனக்கு இன்றைக்கும் மறக்காதது என்னவென்றால், ஹெட்போன் குத்துகிற துளை அதில் ஒன்றல்ல, இரண்டு. இரண்டு ஹெட்போனைக் குத்தி இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்கலாம். நாங்கள் நாலு பேர், ஆகவே பாட்டுக்கு இரண்டு பேராக முறை வைத்துக் கேட்டோம். கல்லடிப் பாலத்தடியில் நிலவு காலத்தில் தோணியில் போய் மீன் பாடுவதைக் கேட்கிறவர்கள், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறு நுனியைக் காதில் வைப்பார்கள், ஒருவர் கேட்டு முடித்து அடுத்தவருக்குத் துடுப்பைக் கொடுப்பார், சின்ன வயதில் அப்பாவோடு போய் நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். வோக்மனை முறை வைத்துக் கேட்டபோது எனக்கு அந்தத் துடுப்புத்தான் ஞாபகம் வந்தது.

அந்த இரண்டாவது துளையின் கதையைப் பிற்காலத்தில்தான் வாசித்து அறிந்தேன். சோனி கம்பனி முதல் வோக்மனை 1979 யூலை 1ஆம் திகதி ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. நீண்ட விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட மசாரு இபுகா கேட்டுத்தான் அது உருவானது. அவரோடு சேர்ந்து கம்பனியைத் தொடங்கிய அகியோ மொரிட்டா, ஒருவர் தனியே கேட்டுக்கொண்டிருந்தால் கூட இருப்பவருக்கு மரியாதைக் குறைவாகப் படும் என்று எண்ணி இரண்டு பேர் கேட்கும்படி செய்வித்தார். அதோடு செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொத்தானும் வைத்தார்கள். அதை அழுத்திப் பிடித்தால் பாட்டு தணிந்து, உள்ளே இருக்கிற சின்ன மைக் வழியாக ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஹெட்போனில் கேட்கும். அதாவது கடிதம் எழுதிய அன்பர் இன்றைக்குப் படுகிற கவலை, அந்தச் சாமானைச் செய்தவர்களுக்கு முதல் நாளிலேயே இருந்திருக்கிறது. காலப்போக்கில் இரண்டாவது துளையும் போனது, பொத்தானும் போனது. இப்போது வருகிற பல போன்களில் ஒரு துளைகூட இல்லை.

சரி, எங்கள் கசெற்றுகளுக்கு என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். படித்து முடித்துப் பிரிகிறபோது நாலு பேரும் பங்கு பிரித்துக்கொண்டோம். வீட்டுக்காரரின் மகளுக்கு வந்த பங்கு 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யுத்தத்தால் வந்த இடப்பெயர்வோடு போனது. ஒரு பையோடு தென்மராட்சிக்கு நடந்தவள் கசெற்றையா தூக்குவாள்? திரும்பி வந்தபோது வீடு இருந்தது, கதவும் யன்னலும் இல்லை. என் பங்கு 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது போனது. நாவலடிக்காரியின் பங்கும் அன்றைக்குத்தான் போனது, அவளும் அன்றைக்குத்தான் போனாள். இதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு வராது. அவளுடைய படம் ஒன்று இன்னொரு சிநேகிதியின் கலியாண அல்பத்தில் இருந்தது, குரல் எங்கேயும் இல்லை என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தோம்.

போன வருடக் கடைசியில் ஏறாவூர்க்காரி போன் எடுத்தாள். "புள்ள, அலுமாரி மேல்தட்டைத் துப்புரவாக்கினேன், ஒரு பிஸ்கட் தகரம் அம்பிட்டிருக்கு, உள்ளுக்கு கசெற்" என்றாள். எத்தனை என்று கேட்டேன். பதினான்கு என்றாள். நான் அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஏறாவூருக்குப் போய்விட்டேன்.

தகரத்தைத் திறந்தபோது வந்த மணம் பழைய புத்தகத்தின் மணம். கசெற்றின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம், அரிசி மா தூவியது போல. சிலவற்றில் ரேப்பை ரெக்கோடரின் தலையோடு அழுத்திப் பிடிக்கிற அந்தச் சின்ன கம்பளித் துண்டு கழன்று உள்ளேயே கிடந்தது. அது இல்லாவிட்டால் பாட்டு அடைத்த மூக்கால் பாடுவதுபோல வரும். ஆசையில் உடனே போட்டுப் பார்க்க எங்களிடம் ரெக்கோடரும் இல்லை, இல்லாததும் நல்லதாகப் போயிற்று, பூஞ்சணத்தோடு ஓடவிட்டிருந்தால் ரேப் ஒட்டிக்கொண்டு இழுபட்டு அறுந்திருக்கும். வாசகர்களில் யாரிடமாவது இப்படிப் பழைய கசெற் இருந்தால் தயவுசெய்து அவசரப்பட்டு ஓடவிட வேண்டாம்.

எங்கள் ஒழுங்கையில் ரேடியோ, ரீவி திருத்துகிற ஒரு தம்பி இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய டெக் இருந்தது, உள்ளே இருக்கிற ரப்பர் பட்டி உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வேறு பட்டி தேடிப் போட்டு ஓடவைக்கவே மூன்று கிழமை. கசெற்றுகளில் பெட்டி ஆணி போட்டுப் பூட்டியதும் இருக்கிறது, ஒட்டியதும் இருக்கிறது, ஆணி போட்டவற்றைத்தான் முதலில் எடுத்தார். கழற்றி, மெல்லிய துணியால் சுருளின் விளிம்பைத் துடைத்து, வேறு பெட்டிக்குள் மாற்றினார். ஒரு சி-90 கசெற்றில் ஏறக்குறைய 130 மீற்றர் ரேப் இருக்கிறதாம், அதைப் பேனையைக் கொடுத்துக் கையாலேயே ஒரு தரம் முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, அப்புறம்தான் டெக்கில் போட்டு வயர் வழியாகக் கம்பியூட்டருக்குள் பதிவு செய்தார். இதில் குறுக்கு வழி கிடையாது. 90 நிமிடக் கசெற் என்றால் 90 நிமிடமும் ஓடவேண்டும், ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். இதுவரை மூன்று கசெற் முடிந்திருக்கிறது.

அந்த மூன்றையும் ஒரு சின்ன எம்பி3 பிளேயரில் போட்டுத் தந்தார், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. 8 ஜிபி மெமரி கார்ட் ஒன்றில் இப்படி 90 கசெற் வரைக்கும் கொள்ளும் என்றார். போனில் போட்டால் என்ன என்று ஏறாவூர்க்காரி கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். போன் என்றால் பாட்டுக்கு நடுவில் அழைப்பு வரும், அது வரும், இது வரும். இது பாட்டுக்கு மட்டும். அதோடு டவுனில் ஒரு இணைப்பானும் வாங்கினோம், ஒரு பக்கம் பிளேயரில் குத்தினால் மறு பக்கம் இரண்டு துளை, ஸ்பிளிட்டர் என்று கேட்டால் தருவார்கள். 1981இல் பார்த்த அந்த இரண்டு துளை திரும்பவும் கைக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஒன்று தீர்மானித்தோம். வீட்டிலிருந்து முழுதாகக் கேட்டு முடிப்பதில்லை, யாழ்ப்பாணம் போய் வீட்டுக்காரரின் மகளோடு சேர்ந்துதான் கேட்பது, வழியில் ரெக்கோடிங் பாரில் எடுத்த கசெற்றை மட்டும் கேட்பது. நாவலடிக்காரியின் குரல் எந்தக் கசெற்றில் வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும், அதைத் தொடவே இல்லை.

மடியில் ஒரு தயிர் முட்டியோடு பஸ் ஏறினோம். மட்டக்களப்பிலிருந்து போகிறவர் எருமைத் தயிர் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது ஏறாவூர்க்காரியின் கொள்கை. இரவு பஸ். ஏறி இருந்த நேரத்திலிருந்து பாட்டு, தலைக்கு மேலே நாலு ஸ்பீக்கர், டிவியிலும் படம் ஓடுகிறது. பக்கத்தில் இருக்கிறவளின் வாய் அசைவதைப் பார்க்கிறேன், சொல் கேட்கவில்லை. முன் சீற்றில் ஒரு தாய் கைக்குழந்தையின் இரண்டு காதையும் தன் கையால் பொத்திக்கொண்டு இருந்தார், ஓட்டமாவடி தாண்டியும் அந்தக் கையை எடுக்கவில்லை. "சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்க தம்பி" என்று கொண்டக்டரிடம் சொன்னேன். அவர் மரியாதையான பிள்ளை, குறைத்தார். வெலிக்கந்தையில் திரும்பவும் கூடிவிட்டது. மறுபடி சொன்னபோது, "றைவருக்கு நித்திரை வந்திரும் அம்மா" என்றார்.

அந்தப் பதிலை நான் தள்ளிவிடவில்லை. மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை என்று இருட்டும் காடும் யானையுமான பாதை, றைவர் விழித்திருக்கத்தான் வேண்டும். அப்படியென்றால் றைவர் தலைக்கு மேலே உள்ள ஸ்பீக்கரை மட்டும் ஓடவிடலாமே, பின்னால் உள்ளவற்றை நிற்பாட்ட ஒரு சுவிட்ச் போட எவ்வளவு செலவாகும்? உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, 80 டெசிபல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் கிழமைக்கு 4 மணித்தியாலம்தான். நாங்கள் ஒரு இரவு போகிறோம். அந்தத் தம்பி கிழமையில் எத்தனை இரவு போகிறார்? அவருடைய காதுக்காகவும்தான் கேட்கிறேன்.

சேர்ந்து கேட்பது என்று அந்த அன்பர் ஏக்கத்தோடு சொன்னாரே, இந்த பஸ்ஸில் ஐம்பது பேரும் ஒரே பாட்டைத்தான் கேட்டோம். ஒருவரும் ஒருவரோடு பேசவில்லை, பேச முடியவில்லை. சிலர் தங்கள் இயர்போனைக் குத்திக்கொண்டதே அந்தச் சத்தத்துக்குத் தப்பத்தான். நானும் அவளும் எங்கள் இணைப்பானை எடுத்துக் குத்தினோம், ஆளுக்கு ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டோம், மற்றக் காது பேச்சுக்கு. பழைய பாட்டு ஒன்று தொடங்கியதும் அவள் என் முழங்கையை இடித்தாள். அந்தப் பாட்டை ரெக்கோடிங் பாருக்கு எழுதிக் கொடுத்த துண்டில் அவள் எழுத்துப் பிழை விட்டு, கடைக்காரர் வேறு பாட்டைப் போட்டுத் தந்து, திரும்பப் போய்ச் சண்டை போட்டது வரை எல்லாம் அந்த ஒரு இடியில் ஞாபகம் வந்தது. ஹபரணை வரைக்கும் அதைத்தான் கதைத்துக்கொண்டு போனோம்.

வவுனியாவில் ஏறிய ஒரு பையன் இடமில்லாமல் எங்கள் சீற்றுக்குப் பக்கத்தில் நின்றான். எங்கள் இரண்டு பேர் காதிலிருந்தும் வயர் ஒரே இடத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டான். அவன் காதிலும் இயர்போன்தான். என்ன கேட்கிறாய் மகன் என்று கேட்டேன், ஒன்றைக் கழற்றி எனக்குத் தந்தான். எனக்குப் பழக்கமில்லாத பாட்டு, அடி பலமாக இருந்தது, நடுவில் ஒரு புல்லாங்குழல் வந்தது, அது நன்றாக இருந்தது, அதை அவனிடமும் சொன்னேன். முறிகண்டியில் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்க, அவன் இறங்கிப்போய் வாங்கி வந்த கச்சானில் எங்களுக்கும் ஒரு சரை வந்தது. கேட்டால் பிள்ளைகள் பேசுகிறார்கள், தருகிறார்கள். நாங்கள்தான் கேட்பதில்லை.

திருநெல்வேலியில் விடியப்புறம் இறங்கினோம். வாசலில் நின்று, "வாங்கோடி, ஏன் இப்பிடி மெலிஞ்சு போனியள்" என்று அவள் கட்டிப் பிடித்ததையும், தயிர் முட்டியை இறக்கி வைக்க விடாமல் அழுததையும் விட்டுவிடுகிறேன். பழைய சிநேகிதரைப் பார்க்கப் போன எல்லோருக்கும் அது தெரிந்ததுதான். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் ஒரு மணித்தியாலம் முடிய எங்களுக்குப் பேச்சு வற்றிவிட்டது. பிள்ளைகள் எங்கே, சீனியா பிரஷரா, பென்சன் எவ்வளவு, அவ்வளவுதான். பதினாறு வருடம் நேரில் காணாத இடைவெளி, எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று பிடிபடவில்லை. மூன்று பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அப்போதுதான் ஏறாவூர்க்காரி பிளேயரை மேசையில் வைத்து, யாழ்ப்பாணத்துக்காரியின் மகனின் சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் குத்தி, அந்தக் கசெற்றைப் போட்டாள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு காகம். பிறகு "கிறீச், கிறீச்" என்று ஒரு சத்தம், நாங்கள் இரண்டு பேரும் ரேப்பின் பழுது என்று நினைத்தோம். அவள் மட்டும் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "அது எங்கட கிணத்துக் கப்பியடி. எண்ணெய் விடச் சொல்லி அப்பாட்ட எத்தினை தரம் சொன்னனான்" என்றாள். அந்தக் கிணறு இன்றைக்கும் இருக்கிறது, மோட்டர் பூட்டியாயிற்று, கப்பி இல்லை. பாட்டு தொடங்கியது. இரண்டாவது அடியில் நாவலடிக்காரி சேர்ந்து பாடத் தொடங்கினாள், இருபது இருபத்தொரு வயதுக் குரல். "வாயை மூடு புள்ள, பதிவாகுது." அவள் மூடவில்லை. முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டு, "நேரம் என்னடி, லெக்சருக்குப் போக வேணாமா" என்று கேட்டதோடு பொத்தானை அழுத்துகிற சத்தம். அன்றைக்கு எரிச்சல்பட்டு அந்தக் கசெற்றை அழித்து வேறு பாட்டு எடுக்கலாம் என்று சொன்னது நான்தான். வெறும் கசெற்றுக்குக் காசு கிடைத்ததால் அது தப்பியது.

அதற்குப் பிறகு இரவு ஒரு மணி வரை பேச்சு நிற்கவில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் வராது என்ற காலத்தில் அவர்கள் பாட்டுக் கேட்ட விதத்தை அன்றைக்குத்தான் அவள் எங்களுக்கு முழுதாகச் சொன்னாள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சுற்று தளர்ந்தால் குரலும் தளரும். அவளும் அவள் கணவரும் கை மாற்றிக்கொண்டார்களாம், செய்திக்கு அவர், பாட்டுக்கு இவள். இத்தனை வருடம் போனில் பேசியும் இது வரவில்லை, அந்தக் கப்பிச் சத்தம் வந்த பிறகுதான் வந்தது.

அந்த அன்பருக்கு நான் சொல்ல வருவது இதைத்தான். பாட்டை மற்றவர் தலையில் கொட்டாமல் காதோடு வைத்துக்கொண்டு போகிற வசதி நல்ல வசதி, அதைக் குறை சொல்லவேண்டாம். இரண்டாவது காதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் விசயம். பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறவர்கள் பழமும் பிஸ்கட்டும் கொண்டுபோவதோடு, நீங்கள் சேர்ந்து கேட்டது ஏதாவது வீட்டில் கிடந்தால் அதையும் கொண்டுபோங்கள். கூத்துப் பதிவு, கலியாண வீட்டுப் பதிவு, வானொலியில் எடுத்தது, என்னவானாலும் சரி. பின்னால் கேட்கிற இரைச்சலை வெட்டித் துப்புரவாக்கச் சொல்லாதீர்கள், எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த இரைச்சல்தான். தகரத்துக்குள் இருக்கிற ரேப் இன்னும் எத்தனை மாரி தாங்கும் என்று தெரியாது, எங்களுக்கும் வயது போகிறது.

நெடுந்தூர பஸ் உரிமையாளர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த சுவிட்ச் பற்றி யோசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு உதவி. எங்களிடம் இன்னும் பதினொரு கசெற் மிச்சம் இருக்கிறது, அதில் நாலு, பெட்டி ஒட்டியவை. உடைக்காமல் திறக்க எங்கள் தம்பிக்குத் தெரியவில்லை, டெக்கின் புதுப் பட்டியும் திரும்பத் தளர்ந்துவிட்டது. மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ கசெற் டெக் திருத்தத் தெரிந்த பழைய ஆட்கள் யாராவது இருந்தால் உங்கள் பத்திரிகை வழியாகத் தெரியப்படுத்துங்கள். யாழ்ப்பாணத்துக்காரி தைப்பொங்கலுக்குப் பிறகு இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அதற்குள் இன்னும் இரண்டு கசெற்றாவது முடிக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.